ஊரடங்கு: ஒரு சொல் வந்த வழி

கலவரக் காலத்தில் மக்கள் வீட்டை விட்டு வெளியே வரலாகாது என்று அரசு விதிக்கும் தடைக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தார் அதனைக் ‘கர்ஃபியூ’ என்பர். அது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். ‘நெருப்பை மூடு’ என்பது அதன் பொருள். மர வீடுகள் நெருங்கி நின்ற பண்டை ஐரோப்பிய நகரங்களில் இரவு மணி அடித்ததும் அடுப்பு நெருப்பைச் சாம்பலிட்டு மூட வேண்டும் என்பது விதி. நெருப்புக்கு இட்ட அந்த ஆணை நாளடைவில் மனிதருக்கு இட்ட ஆணையாயிற்று. மலாய் மொழியில் அதன் பெயர் ‘பெரிந்தா பெர்குரோங்’. ‘குரோங்’ என்றால் அடைப்பு, கூண்டு. எனவே அடைபட்டிருக்கச் சொல்லும் ஆணை என்பது அதன் நேர்ப்பொருள். இலங்கையில் சிங்களவர் அதனை ‘இருட்டுச் சட்டம்’ என்று பொருள்படும் தொடரால் வழங்குகின்றனர். தமிழர் வைத்த பெயர் ‘ஊரடங்கு’.

நெருப்பு, கூண்டு, இருட்டு என்று மற்ற மூன்று மொழிகளும் அஞ்சத்தக்க ஒன்றைச் சுட்டி நிற்கின்றன. தமிழ்ச் சொல்லில் மட்டும் அச்சம் இல்லை. ஆணையிட்டவர் இவர் என்ற குறிப்பும் இல்லை. ஊர் தானாக அடங்கிற்று என்பதே அச்சொல் சொல்லும் செய்தி. துப்பாக்கி ஏந்திய காவலர் தெருமுனையில் நிற்கும் ஒரு நாளுக்கு இவ்வளவு மென்மையான பெயர் எவ்வாறு அமைந்தது? பினாங்குத் தீவின் தென்கிழக்குக் கரையிலுள்ள கெலுகோரும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இச்சொல்லைப் பலமுறை பட்டறிந்தவை. ஆதலின் அதன் வரலாற்றை இங்கிருந்தே ஆராய்வது பொருத்தமாகும்.

முதலில் ‘அடங்கு’ என்னும் வினையைக் காண்போம். அதன் அடிப்பொருள் ஒலியின்மை அன்று. ஒன்றனுள் கொள்ளப்படுதல் என்பதே. “பெட்டியில் துணி அடங்கவில்லை” என்கிறோம். கைக்குள் கொள்ளும் கத்தியைக் ‘கைக்கடக்கமான கத்தி’ என்கிறோம். வணிகர் எல்லாச் செலவையும் உட்கொண்ட விலையை ‘அடக்க விலை’ என்பர். தமிழ்நாட்டுக் கிராம நிருவாக அலுவலர் புலவாரியாக என்ன பயிர் விளைந்தது என்று எழுதி வைக்கும் கணக்குக்கு ‘அடங்கல்’ என்று பெயர். மூவர் தேவாரம் முழுவதையும் ஏழு திருமுறைகளாகத் தன்னுட்கொண்ட தொகுப்பு ‘அடங்கன்முறை’ எனப்பட்டது. மண்ணுக்குள் உடலை வைப்பது அடக்கம். மலேசியத் தமிழ் நாளிதழ்களின் மரண அறிவிப்புகளில் ‘நல்லடக்கம்’ என்ற சொல்லைக் காணாத நாள் அரிது. ஒலி, சினம், ஆசை ஆகியவை தத்தம் எல்லைக்குள் திரும்பி நிற்பதும் இப்பொருளின் விரிவே.

திருக்குறளில் அடக்கமுடைமை பதின்மூன்றாம் அதிகாரம். ஆமை தன் உறுப்புகளை ஓட்டினுள் இழுத்துக்கொள்வதை வள்ளுவர் அங்கே ஐம்புலன் அடக்கத்துக்கு உவமையாக்குகிறார். ஆமை அடங்குவது அச்சத்தால் அன்றோ என்று கேட்கும் மாணவன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான். கேள்வி தவறன்று. ஆனால் உவமையின் உயிர் வேறிடத்தில் உள்ளது. ஆமையின் உறுப்பைப் பிறர் பிடித்து உள்ளே தள்ளுவதில்லை, தானே இழுத்துக்கொள்கிறது, வேண்டியபோது தானே வெளியே நீட்டுகிறது. அடங்குதல் என்பது அடங்குபவன் வசம் இருக்கும் செயல் என்பதே தமிழர் இச்சொல்லுக்குக் கொடுத்த மதிப்பின் காரணம். புறநானூற்றில் பிசிராந்தையார் நரையில்லாமைக்குக் காரணம் கூறும் பாட்டிலும் சான்றோரைச் சிறப்பிக்க ‘அவிதல்’, ‘அடங்குதல்’ என்னும் இரு வினைகளும் அடுத்தடுத்து ஆளப்பட்டுள்ளன. அங்கும் அவர்கள் பிறரால் அடக்கப்பட்டவர் அல்லர், தாமே அடங்கியவர்.

ஊர் அடங்குதல் என்பதும் இத்தகையதே. மாடு கன்று தொழுவம் திரும்பி, அடுப்புப் புகை நின்று, கதவுகள் தாழிடப்பட்டு, கடைசியாகத் திண்ணைப் பேச்சும் ஓய்ந்த வேளையை நாட்டுப்புறத்தார் ‘ஊர் அடங்கிய நேரம்’ என்று குறித்தனர். கடிகாரம் இல்லாத ஊரில் அது ஒரு காலக்கணக்கு. ‘கோழி கூப்பிட’ என்பது ஒரு முனை; ‘ஊரடங்க’ என்பது மறுமுனை. கூத்துக்காரர் ஊர் உண்டு அடங்கிய பிறகே திரை கட்டுவர். மலாயாத் தோட்டங்களில் இந்நேரம் இன்னும் முன்னதாகவே வந்தது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் சீவப் போக வேண்டியிருந்ததால் லயங்களில் விளக்குகள் விரைவில் அணைந்துவிடும். இப்பொருளில் வழங்கியவரை ‘ஊரடங்கு’ உழைத்தவரின் உறக்கத்துக்குப் பெயராகவே இருந்தது.

அமைதி குறிக்கும் சொற்கள் தமிழில் பல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை அமைதியைச் சொல்லும். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் மாறும். இவற்றுள் ‘ஆறு’ என்னும் வினையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறலாம். சூடு குறைதலே அதன் முதற்பொருள். காப்பி ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. சினத்தைப் பற்றி ஆத்திசூடியில் ஔவையார் பேசுமிடத்தும் ஆள்வது இவ்வினையையே. அவர் சினத்தை அடக்கு என்னவில்லை என்பது கருதத்தக்கது. அடக்கிய சினம் உள்ளே இருக்கும்; ஆறிய சினம் இல்லாமற் போய்விடும். பசிக்கும் இதே வேறுபாடு உண்டு. ஒரு குவளை நீர் குடித்தால் பசி அடங்கும், ஆனால் ஆறாது. மலேசியத் தமிழர் காலையில் ஒருவரை ஒருவர் காணும்போது “பசியாறிட்டீங்களா?” என்று கேட்கின்றனர். காலை உணவுக்கே இந்நாட்டில் ‘பசியாறல்’ என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருவோர் இதனைக் கேட்டு வியப்பதுண்டு. அங்கே ‘டிபன்’ என்றும் ‘பலகாரம்’ என்றும் சொல்வதை இங்குள்ளோர் பழந்தமிழ் வினையால் சொல்கின்றனர். ஒரு செயலை உடனே முடிக்காமல் சில நாள் விட்டுவைப்பதை ‘ஆறப்போடு’ என்பதும், பதறாமல் எண்ணுவதை ‘ஆற அமர யோசி’ என்பதும் இவ்வினையின் பிள்ளைகளே.

‘அமர்’ என்பது விந்தையான சொல். உட்காருதல், பொருந்துதல், தணிதல் என்பன அதன் பொருள்கள். போர் என்பதும் அதன் பொருளே. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இரண்டையும் தருகிறது. ‘அமரிக்கை’ என்றால் அடக்கமான அமைதி. ‘அமர்க்களம்’ என்றால் போர்க்களம், இன்றைய பேச்சில் பெரும் ஆரவாரம். கல்யாண வீட்டில் பெண் அமரிக்கையாக இருக்கிறாள், வீடு அமர்க்களப்படுகிறது என்று ஒரே மூச்சில் சொல்லலாம். யாருக்கும் பொருள் மயங்குவதில்லை.

‘தணி’ என்பதில் குளிர்ச்சி உண்டு. சூரனோடு பொருத முருகன் சினம் தணிந்த இடம் திருத்தணிகை என்பது மரபு. ‘ஓய்’ என்பது களைத்தோ முடிந்தோ நிற்பது. மழை ஓயும், அலை ஓயும், வேலை பார்த்தவர் ஓய்வு பெறுவர். ‘சும்மா இரு’ என்பது தாய் குழந்தையை அதட்டவும் பயன்படும். அருணகிரிநாதரும் தாயுமானவரும் மெய்யுணர்வின் உச்சத்தைச் சொல்லவும் பயன்படும். இந்தச் ‘சும்மா’ கடல் கடந்து மலாய் மொழியில் ‘வெறுமனே, மட்டும்’ என்னும் பொருளில் ‘ச்சுமா’ ஆயிற்று என்பர் மொழிநூலார். இலவசம் என்பதற்குக் கடைகளில் எழுதிவைக்கும் ‘பெர்ச்சுமா’வும் அதன் வழி வந்ததே.

இனி ‘அமைதி’. இன்று உலக அமைதி, அமைதி ஒப்பந்தம், அமைதிப் பேச்சு என்று எங்கும் வழங்கும் இச்சொல் பழைய நூல்களில் பெரும்பாலும் இப்பொருளில் வரவில்லை. பொருந்துதல், நிறைதல், ஏற்ற தன்மை என்பனவே அதன் பொருள்கள். இலக்கணம் கற்றோர் ‘வழுவமைதி’யை அறிவர். விதிக்கு மாறாயினும் சான்றோர் வழக்கில் வந்தமையின் ஏற்றுக்கொள்ளப்பட்டது வழுவமைதி. அங்கே அமைதி என்பது சத்தமின்மை அன்று. பிழையும் தனக்குரிய இடம் பெற்றுப் பொருந்தி நிற்றல். கிறித்தவ வேதத்தைத் தமிழாக்கியோர் கடல் கொந்தளிப்பு நின்றதற்கு ‘அமைதல்’ என்றும், மக்களிடையே நிலவும் நல்லுறவுக்குச் ‘சமாதானம்’ என்றும் இரு சொற்களைப் பிரித்தே ஆண்டனர். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வேரூன்றிய பின்னரே சாந்தி, சமாதானம் என்னும் வடசொற்களின் இடத்தை ‘அமைதி’ மெல்ல மெல்லப் பிடித்தது. உடனே முழுவதும் பிடித்துவிடவுமில்லை. டால்ஸ்டாயின் பெருநாவலை மொழிபெயர்த்த டி. எஸ். சொக்கலிங்கம் அதற்குப் ‘போரும் வாழ்வும்’ என்றே பெயரிட்டார். போருக்கு எதிர்ச்சொல் வாழ்வு என்று அவர் கொண்டது நல்ல தமிழறிவு.

இச்சொற்களை ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஓர் இலக்கண உண்மை புலப்படும். அடங்கு, அடக்கு, ஒடுங்கு, ஒடுக்கு, ஆறு, ஆற்று, அமர், அமர்த்து. முதலில் நிற்பது தன்வினை. அடுத்து நிற்பது பிறவினை. அமை, தணி, அவி என்பவற்றில் பகுதி மாறுவதில்லை. ஆயினும் அமைந்தது, அமைத்தது என்றும், தணிந்தது, தணித்தது என்றும், அவிந்தது, அவித்தது என்றும் இறந்தகால வடிவம் வேறுபாட்டைக் காட்டிவிடும். அமைதி தானே வந்ததா, ஒருவர் கொண்டுவந்ததா என்பதை மறைத்துப் பேசுவதற்குத் தமிழ் வினை எளிதில் இடங்கொடாது. “வகுப்பு அடங்கியது” என்று ஆசிரியர் சொன்னால் ஒரு பொருள். “வகுப்பை அடக்கினேன்” என்றால் வேறு பொருள். இரண்டிலும் கேட்கும் நிசப்தம் ஒன்றே.

இவ்விடத்தில்தான் ‘ஊரடங்கு உத்தரவு’ என்னும் தொடர் ஐயத்துக்குரியதாகிறது. காவற்படையைக் கொண்டு ஊரை வீட்டுக்குள் இருத்துவது அடக்குதல், பெயரோ அடங்குதல். ‘ஊரடக்கு’ என்றிருந்தால் செயலும் சொல்லும் ஒத்திருக்கும். இதற்கு விடை கூறுவோரும் உளர். ஊர் அடங்குவதற்குரிய உத்தரவு என்று விரித்துப் பொருள் கொண்டால் இலக்கணத்தில் குற்றம் இல்லை என்பர். உண்மைதான், குற்றம் இல்லை. ஆனால் அடங்கு என்னும் பகுதி உத்தரவு என்னும் பெயரோடு ஒட்டும்போது வினைத்தொகை போல நின்று காலத்தை மறைக்கிறது; கூடவே செய்தவரையும் மறைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்தித்தாள்களின் வாயிலாக இத்தொடர் தமிழில் நிலைபெற்றபோது, இரவு உறக்கத்தின் பழைய பெயர் பகல் நேரத் தடைக்கு இரவலாகிவிட்டது.

இனிக் கெலுகோருக்கு வருவோம். ஊருக்குப் பெயர் தந்தது கெலுகோர் மரம். அதன் புளிப்புக் காயைச் சீவி உலர்த்திய வற்றலே பினாங்குச் சமையலில் மீன் குழம்புக்கும் லக்சாவுக்கும் இடும் ‘அசாம் கெலுகோர்’. 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய பின், ஸ்காட்லாந்தியரான டேவிட் பிரௌன் இங்கே சாதிக்காய், கிராம்பு பயிரிட்ட பெருந்தோட்டம் அமைத்தார். 1825இல் அவர் மறைந்தார். பின்னாளில் இப்பகுதியின் மேட்டு நிலத்தில் ஆங்கிலப் படையின் முகாம் எழுந்தது. 1759இல் ஜெர்மனியில் நடந்த மிண்டன் போரின் நினைவாக அம்முகாம் மிண்டன் எனப் பெயர் பெற்றது.

1948 ஜூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர் கொல்லப்பட்டனர். 18ஆம் நாள் மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், அது நீடித்தது. 1955 அக்டோபரில் ஆஸ்திரேலியப் படையின் இரண்டாம் பட்டாளம் பினாங்கில் இறங்கி மிண்டன் முகாமில் தங்கியது. அங்கிருந்து கெடா, பேராக் காடுகளுக்குப் போர்ப்பணிக்குச் சென்றது. அந்தக் காடுகளின் ஓரத்திலிருந்த இரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுள் பெரும் பகுதியினர் தமிழர்.

தோட்டத் தமிழர் ஊரடங்கை உணர்ந்த விதத்தை அறிய மரம் சீவும் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். இரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிரில் நன்கு வடியும். வெயில் ஏற ஏற விரைவில் உறைந்து ஒழுக்கு நின்றுவிடும். ஆகவேதான் இருள் விலகுமுன் வேலை தொடங்கிற்று. இரவுத் தடை காலை வெளிச்சம் வரை நீண்டபோது சீவுவதும் பிந்தியது, பால் குறைந்தது. தனித்தனியே சிதறி நின்ற லயங்கள் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்வேலி இடப்பட்டன. காட்டிலுள்ள போராளிகளுக்கு அரிசி எட்டலாகாது என்பதற்காக வேலி வாயிலில் தொழிலாளரைச் சோதித்து, உணவை வெளியே கொண்டுபோவதைப் பல இடங்களில் தடுத்தனர். வழக்கமாகத் தூக்குச் சட்டியில் கொண்டுபோய் மரத்தடியில் பசியாறியவர்கள் வேலை முடிந்து திரும்பும்வரை வெறும் வயிற்றோடு நின்றனர். ஊர் அடங்கியிருந்த அந்நாட்களில் பசி ஆறவில்லை. இவ்விரு வினைகளின் வேறுபாட்டை அகராதியைவிட அந்தத் தூக்குச் சட்டி தெளிவாகக் காட்டும்.

அவசரகால ஊரடங்குகளுள் பெயர்பெற்றது தஞ்சோங் மாலிமில் விதிக்கப்பட்டது. 1922இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியால் மலாய் ஆசிரியர் உலகில் அவ்வூருக்கு ஏற்கெனவே பெரும் பெயர் உண்டு. 1952 மார்ச்சில் அதன் அருகே நீர்க்குழாயைப் பழுது பார்க்கச் சென்ற குழுவினர் பதுங்கித் தாக்கப்பட்டுப் பன்னிருவர் மாண்டனர். உயர் ஆணையர் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர்ப் பெரியவர்களைக் கடிந்துகொண்டார். நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதிக்கப்பட்டது. வெளியே வர எஞ்சியது 2 மணி நேரமே. அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டுக்கு வீடு வினாத்தாள் கொடுத்து, தெரிந்ததை எழுதிப் பெட்டியில் இடுமாறு கேட்கப்பட்டது. ஏறத்தாழ இரு வாரத்துக்குப் பின்னரே தடை தளர்ந்தது. ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்பது அரசின் குற்றச்சாட்டு. அதற்குத் தண்டனை கதவையும் மூடுதல். பேச வைப்பதற்காக ஓர் ஊரை அடக்கிய இந்நிகழ்ச்சி இங்கிலாந்தின் நாளிதழ்களிலும் வாதத்துக்குள்ளாயிற்று.

பினாங்கு நகரமும் இதற்கு விலக்கன்று. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அந்த விழாவின் ஊர்வலத்தை ஒட்டி மூண்ட இனச் சச்சரவு மாநகரின் முதல் வாரத்திலேயே ஊரடங்கைக் கொண்டுவந்தது. ஆயினும் சொல்லாராய்ச்சிக்கு அதைவிடப் பயன்படுவது பத்தாண்டு கழித்து நிகழ்ந்தது.

1967 ஜூன் 12ஆம் நாள் மலேசியா தன் புதிய வெள்ளியை வெளியிட்டது. பழைய நோட்டுகளும் உடன் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்த பழைய நோட்டின் மதிப்பும் விழுந்து வெள்ளிக்கு 85 காசு என்றாயிற்று. புதிய வெள்ளி மட்டும் குறையாமல் நின்றது. வங்கியில் கணக்கு வைத்திருந்தவரைவிடப் பெட்டியிலும் தலையணைக்கடியிலும் சேர்த்து வைத்திருந்த ஏழை எளியவரையே இது அதிகம் வருத்தியது. தொழிற்கட்சி நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது.

ஹர்த்தால் என்ற சொல் கடை என்பதையும் பூட்டு என்பதையும் குறிக்கும் வடஇந்தியச் சொற்களின் கூட்டு. 1919இல் காந்தியடிகள் நாடு தழுவிய கிளர்ச்சிக்கு அதனைக் கையாண்ட பின் அது கடல் கடந்தது. மலாயாவில் 1947 அக்டோபர் 20ஆம் நாள் அரசியலமைப்புத் திட்டத்தை எதிர்த்தும், இலங்கையில் 1953 ஆகஸ்டு 12ஆம் நாள் அரிசி விலை ஏற்றத்தை எதிர்த்தும் ஹர்த்தால் நடந்தது. தமிழில் அதனைக் கடையடைப்பு என்பர். மக்கள் தாமே கடையை மூடி, தாமே தெருவை வெறுமையாக்கி, அந்த வெறுமையால் பேசுவது அது. ஊர் அடங்குதல் என்று எதனையேனும் சொல்லலாமென்றால் ஹர்த்தாலைச் சொல்லலாம்; அதில் அடங்குபவர் வசமே அடக்கம் இருக்கிறது. 1967 நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் அது அவ்வாறு நிற்கவில்லை. கடைகள் மூடிய நகரில் மோதல் மூண்டது, இன மோதலாக மாறியது, உயிர்கள் மாண்டன. அரசு ஊரடங்கு விதித்தது. கலவரம் நீரிணையைக் கடந்து கெடா, பேராக் வரை பரவியது. காலையில் மக்களே பூட்டிய தெருக்களை மாலையில் அரசு பூட்டியது. கடைகளின் கதவு இரு வேளையும் ஒன்றாகவே மூடிக் கிடந்தது. எவர் அடைத்தது என்பதிலேயே நாளின் பொருள் மாறிப்போயிற்று.

1969 மே 13ஆம் நாள் மாலை கோலாலம்பூரில் கலவரம் வெடித்து, இரவே ஊரடங்கு வந்து, 15ஆம் நாள் நாடு முழுவதும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது பலரும் அறிந்த வரலாறு. அதற்கு அடுத்த மாதமே பினாங்கில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கிற்று என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. கெலுகோரிலிருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இடங்கொடுத்தது. 1971இல் அது மிண்டன் முகாமுக்குக் குடிபெயர்ந்தது. படைவீரர் தங்கிய இடத்தில் இன்று மாணவர் பயில்கின்றனர். அதுவே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்.

பெயருக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி மிகக் கொடியதாக வெளிப்பட்டது இலங்கையில். 1983 ஜூலை 25ஆம் நாள் கொழும்பில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட பிறகும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டே இருந்தன. சட்டத்துக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தவர் தாக்கப்பட்டனர்; தாக்கியவர் தெருவில் நின்றனர். அடங்க வேண்டியவர் அடங்காமல், அடங்கியவரே அழிந்த அந்நாட்களைப் பற்றிப் பேசும் ஈழத்தமிழர் ‘ஊரடங்கு’ என்ற சொல்லை இன்றும் எளிதாக உச்சரிப்பதில்லை. 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்தியப் படைக்கு இட்ட ‘அமைதிப்படை’ என்ற பெயரும் அவர்களிடையே அத்தகைய கசப்பையே பெற்றது. ‘அமைதி’ பொருத்தத்தைக் குறித்த சொல் என்று முன்னர்க் கண்டோம். பொருந்தாத இடத்தில் வைத்தால் நல்ல சொல்லும் கெடும்.

இந்தியாவில் மக்கள் ஊரடங்கையும் ‘144 தடை உத்தரவை’யும் ஒன்றெனக் கருதுவதுண்டு. 144 என்பது 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் பின்வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்த பிரிவு. கூட்டம் கூடுவதைத் தடுக்கவே அது பெரிதும் பயன்பட்டது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதன் எண் 163. ஆனால் பேச்சு வழக்கில் 144 மறைவதாக இல்லை; எண்ணே சொல்லாகிவிட்டது.

2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது தமிழ் பேசும் நாடுகள் சொல்லில் பிரிந்தன. மார்ச் 18 முதல் மலேசியா விதித்த தடைக்கு இந்நாட்டுத் தமிழ் ஊடகங்கள் மலாய்ப் பெயரை ஒட்டி ‘நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை’ என்று பெயரிட்டன. நீண்ட தொடர்தான், வானொலியில் ஒரே மூச்சில் சொல்வது கடினம். ஆயினும் ஆணை என்பதும், கட்டுப்படுத்தப்படுவது நடமாட்டம் என்பதும் அதில் ஒளிவின்றி இருந்தன. 1969ஐ நினைவில் வைத்திருந்த முதியோர் பலருக்கு ‘ஊரடங்கு’ என்றால் துப்பாக்கியும் எரியும் தெருவும்தான். நோயைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு அச்சொல்லைச் சூட்டாமல் விட்டது நல்லதே.

தமிழ்நாட்டில் அதே மாதம் 22ஆம் நாள் ஒரு நாள் தடையை ‘மக்கள் ஊரடங்கு’ என்றனர். மக்களே மேற்கொள்வது என்ற பொருளில் பழைய தன்வினை அங்கே ஒரு நாள் மட்டும் உயிர் பெற்றது. 25ஆம் நாள் முதல் நாடு தழுவிய தடை வந்ததும் அதற்கும் ‘ஊரடங்கு’ என்றே பெயர். பின்னர் அச்சொல் அடைகளை ஏற்கத் தொடங்கிற்று. முழு ஊரடங்கு, ஞாயிறு ஊரடங்கு, தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு என்று நாளிதழ்கள் எழுதின. மறு ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் முதல் இரவு 10 மணியிலிருந்து விடியற்காலை 4 மணிவரை வெளியே நடமாடலாகாது என்று அரசு அறிவித்தது. அது ஊர் உறங்கும் நேரம். பாட்டன் காலத்தில் ‘ஊரடங்கு’ என்றாலே அந்த நேரம்தான். அதற்கு இதழ்கள் இட்ட தலைப்பு ‘இரவு நேர ஊரடங்கு’.